உஷார்! சொந்தக் கிட்னிதானே என்று கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்

திருச்சி – புதுக்கோட்டை ரோட்டை விட்டுச் சற்று உள்ளே போனால் நார்த்தாமலை. மேலமலைப் பாறையில் விஜயாலய சோழீச்சரம், ஊருக்குள் முத்துமாரியம்மன். பங்குனித் தேர் வந்தால் எங்கெங்கோ பிழைக்கப் போன மாமன், மச்சான், அத்தை, சித்தப்பா எல்லோரும் ஒரே ஊரில் கூடிவிடுவார்கள். ரெண்டு பேரை நிறுத்தி விசாரித்தால் ஏதாவது ஒரு வழியில் உறவு வந்துவிடும். அக்காள் மகளைக் கட்டியவர், மாமன் மகளைக் கட்டியவர், அத்தை மகனுக்குக் கொடுத்தவர் எல்லாம் அந்தக் கூட்டத்தில் உண்டு.

இந்தச் சொந்தபந்தம்தான் ஒருவருக்குக் கிட்னி போனால் ஓடி வருகிறது. “ரெண்டு கிட்னியும் போயிருச்சாம், வாரம் மூணு தடவை டயாலிசிஸாம்” என்று செய்தி பரவியதும் வீட்டில் பேச்சு ஒரே இடத்தில் வந்து நிற்கும்: யார் கொடுப்பது? அம்மா கையைத் தூக்குவார். இல்லாவிட்டால் தங்கச்சி. “ஒரே ரத்தம், பொருந்தாமலா போகும்?” என்று பெரியவர் ஒருவர் தீர்ப்புச் சொல்வார்.

நிறுத்துங்கள். அந்த ஒரு வாக்கியத்தில் இரண்டு ஆபத்து இருக்கிறது. ஒரே ரத்தமாக இருந்தும் பொருந்தாமல் போகலாம். அதைவிட மோசம், கச்சிதமாகப் பொருந்துகிற அந்த உடம்பிலேயே நோயாளிக்கு வந்த அதே நோய் வெளியே தெரியாமல் உட்கார்ந்திருக்கலாம். அப்படியொரு கிட்னியை எடுத்து வைத்தால் கொஞ்ச வருஷத்தில் ஒரே வீட்டில் இரண்டு டயாலிசிஸ் நோயாளிகள். உறுப்பு தானம் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கொடுக்காதீர்கள், கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டுக் கொடுங்கள் என்பதற்குத்தான் இந்த எச்சரிக்கை.

உஷார் 1: ரத்த குரூப் சேர்ந்துவிட்டது என்று குதிக்காதீர்கள்

ரத்த குரூப் முதல் கதவு மட்டும்தான். ஏ, பி, ஏபி, ஓ என்ற வகையைத் தீர்மானிக்கும் மரபணு ஒன்பதாம் குரோமோசோமில் இருக்கிறது. ஓ வகைக்காரர் எல்லோருக்கும் கொடுக்கலாம், ஏபி வகைக்காரர் எல்லோரிடமும் வாங்கலாம். “அவரு பாசிட்டிவ், நான் நெகட்டிவ், சேராது” என்று ஒதுங்குபவர்கள் உண்டு. கிட்னி மாற்றத்துக்கு பாசிட்டிவ், நெகட்டிவ் தடையில்லை. ரத்த குரூப்பே மாறியிருந்தாலும் பிளாஸ்மாவைச் சுத்திகரித்து அறுவை செய்யும் முறை வந்துவிட்டது. செலவும் கவனிப்பும்தான் கூடுதல்.

சொந்தத்தில் கட்டியவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு வகை இருக்கிறது: பாம்பே ரத்த வகை. 1952இல் மும்பையில் டாக்டர் பெண்டேயும் சகாக்களும் கண்டுபிடித்தார்கள். இந்தியாவில் ஏறக்குறைய பத்தாயிரத்தில் ஒருவருக்கு இருக்கும். அவசரமாகச் செய்யும் சாதாரண சோதனையில் ஓ என்றே காட்டும், ஆனால் அவர்களுக்கு ஓ ரத்தமே ஆகாது. அம்மா, அப்பா இருவரிடமிருந்தும் ஒரே குறையை வாங்கினால்தான் இது வரும். ரத்த உறவுத் திருமணத்தில் அந்த வாய்ப்பு கூடுகிறது.

இரண்டாவது கதவுதான் பெரிய கதவு: எச்.எல்.ஏ. ஆறாம் குரோமோசோமில் நெருக்கியடித்து இருக்கும் மரபணுக் கூட்டம் இது. உடம்பின் ஏறக்குறைய ஒவ்வொரு அணுவுக்கும் “இது நம்ம ஆள்” என்று அடையாளம் குத்துவது இதன் வேலை. அடையாளம் மாறிய அணுவைக் கண்டால் நம் வெள்ளை அணுக்கள் பாய்ந்துவிடும். இதன் முதல் அடையாளத்தை 1958இல் கண்டறிந்த பிரெஞ்சு மருத்துவர் ழான் தோசேவுக்கு 1980இல் நோபல் பரிசு கிடைத்தது.

கணக்கு எளிது. அப்பாவிடம் அ, ஆ என்று இரண்டு தொகுப்பு. அம்மாவிடம் இ, ஈ என்று இரண்டு. பிள்ளைக்கு இருவரிடமிருந்தும் ஒவ்வொன்று வரும். ஆகவே பிள்ளைகள் அஇ, அஈ, ஆஇ, ஆஈ என்ற நான்கில் ஒன்றாகத்தான் இருக்க முடியும். (எப்போதாவது தொகுப்பு நடுவில் அறுந்து மாறி ஒட்டுவதும் உண்டு.)

இதிலிருந்து தெரிவது என்ன? பெற்றோருக்கும் பிள்ளைக்கும் எப்போதும் பாதிப் பொருத்தம். உடன்பிறந்தவர்களில் நான்கில் ஒரு வாய்ப்பு முழுப் பொருத்தம், நான்கில் இரண்டு பாதிப் பொருத்தம், நான்கில் ஒன்று சுத்தமாகச் சேராது. ஆம், ஒரே வயிற்றில் பிறந்த அண்ணன் தம்பிக்கு இந்த விஷயத்தில் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை என்று ரிப்போர்ட் வரலாம். கூடப்பிறந்தவர்கள் மூன்று பேர் இருந்தால்கூட, ஒருவராவது முழுதாகப் பொருந்தும் வாய்ப்பு அறுபது சதவீதத்தைத் தொடுவதில்லை.

முழுப் பொருத்தம் எவ்வளவு பெரிய விஷயம் என்பதை உலகின் முதல் வெற்றிகரமான கிட்னி மாற்றமே காட்டியது. 1954 டிசம்பர் 23, அமெரிக்காவின் பாஸ்டன் நகரம். ரொனால்ட் ஹெரிக் தன் இரட்டைச் சகோதரர் ரிச்சர்டுக்குக் கிட்னி கொடுத்தார். இருவரும் ஒரே கருவில் பிரிந்தவர்கள்தானா என்று உறுதிசெய்ய, டாக்டர் ஜோசப் மர்ரேயின் குழு ஒருவர் தோலை மற்றவர் உடம்பில் ஒட்டிப் பார்த்தது. போலீஸ் நிலையத்துக்கு அனுப்பிக் கைரேகை எடுத்தது. மரபணு முழுதும் ஒன்றாக இருந்ததால் எதிர்ப்பே எழவில்லை. ரிச்சர்ட் எட்டு வருஷம் வாழ்ந்தார். இந்தியாவில் இந்த அறுவையை 1971இல் வெற்றிகரமாகச் செய்துகாட்டியது நம் வேலூர் சி.எம்.சி.

உஷார் 2: பொருந்துகிற சொந்தத்திலேயே அதே நோய்

இந்த எச்சரிக்கைதான் எல்லாவற்றையும்விட முக்கியம். கிட்னி ஏன் போனது என்று தெரியாமலேயே “யார் கொடுப்பது” என்று பேசத் தொடங்கிவிடுகிறோம். சர்க்கரையாலும் பிரஷராலும் போவது அதிகம்தான். ஆனால் குடும்பத்தில் மரபாக வரும் கிட்னி நோய்கள் தனி ரகம். அங்கே சொந்தக்காரர் என்ற தகுதியே சந்தேகத்துக்கு உரியதாகிவிடும்.

முதலாவது, கிட்னியில் நீர்க்கட்டிகள் கொத்துக் கொத்தாக வளரும் பாலிசிஸ்டிக் நோய். அப்பாவுக்கோ அம்மாவுக்கோ இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஆண், பெண் பேதம் இல்லை. கட்டிகள் மெதுவாக வளர்ந்து நாற்பது, ஐம்பது, அறுபது வயதில்தான் கிட்னியைச் சாய்க்கும். அதற்குள் நோய் அடுத்த தலைமுறைக்குப் போய்விட்டிருக்கும். ஐம்பது வயது அப்பாவுக்குக் கொடுக்க இருபத்தைந்து வயது மகன் வருகிறான் என்று வையுங்கள். வாலிபன், கட்டுமஸ்தான உடம்பு, ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை. போதுமா? போதாது. முப்பது வயதுக்குள் சாதாரண அல்ட்ராசவுண்டில் கட்டி தெரியவில்லை என்பதை மட்டும் வைத்து நோய் இல்லை என்று அடித்துச் சொல்ல முடியாது. எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும் அல்லது மரபணுச் சோதனை செய்ய வேண்டும். “எங்க பரம்பரைக்கே பிரஷர் உண்டுங்க”, “எங்க தாத்தா மூளையில ரத்தக்குழாய் வெடிச்சுப் போய்ச் சேர்ந்தாரு” என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போவோம். மூளை ரத்தக்குழாய் வீக்கமும் இந்த நோயோடு சேர்ந்து வரக்கூடியது. டாக்டரிடம் அதை மறக்காமல் சொல்லுங்கள்.

இரண்டாவது, ஆல்போர்ட் நோய். பையனுக்குச் சின்ன வயதிலிருந்தே சிறுநீரில் கண்ணுக்குத் தெரியாத அளவு ரத்தம். பள்ளிக்கூட வயதில் காது மந்தமாகத் தொடங்கும். வாலிபத்தில் கிட்னி போய்விடும். இதில் பெரும்பாலான குடும்பங்களில் குறை எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. அதாவது பையனுக்கு வந்தது அம்மா வழியாக. தாய்மாமனுக்கும் இதே கதை இருந்திருக்கலாம். “மாமன் மாதிரியே காது” என்று வீட்டில் சிரித்துக்கொண்டிருப்பார்கள். இப்போது யோசியுங்கள்: இந்தப் பையனுக்குக் கிட்னி கொடுக்க முதலில் முன்வருவது யார்? அம்மா. அந்த அம்மாவே குறையைச் சுமப்பவர். அவர் கிட்னியும் வயதானபின் பழுதாகக்கூடியது. ஒன்றைக் கொடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது தாங்குமா? வேறு வழியே இல்லாதபோது, எல்லாம் ஆராய்ந்த பிறகுதான் அப்படிப்பட்ட தாயை டாக்டர்கள் ஏற்பார்கள். நோய் எக்ஸ் வழியில் வந்தது என்று உறுதியானால் அப்பாவிடம் அந்தக் குறை இருக்காது. பாசத்தில் முந்துபவர் மரபணுவில் பிந்த வேண்டியிருக்கிறது.

மூன்றாவது, கல். புதுக்கோட்டைச் சீமையில் கிட்னியில் கல் என்றால் “தண்ணி உப்பு, அதான்” என்று முடித்துவிடுவோம். பெரியவர்களுக்கு அது பல நேரம் சரியாகவும் இருக்கும். ஆனால் குழந்தைப் பருவத்திலிருந்தே திரும்பத் திரும்பக் கல், பிறகு இள வயதிலேயே கிட்னி செயலிழப்பு என்றால் தண்ணீரைக் குறை சொல்லிவிட்டுப் போகாதீர்கள். ஹைபர்ஆக்சலூரியா என்ற மரபு நோயாக இருக்கலாம். குறை இருப்பது கல்லீரலில். அங்கே ஒரு என்சைம் சரியாக வேலை செய்யாததால் ஆக்சலேட் உப்பு கொட்டிக்கொண்டே இருக்கும். காரணம் தெரியாமல் கிட்னியை மட்டும் மாற்றினால் அதே உப்பு புதுக் கிட்னியையும் நாசம் செய்துவிடும். அக்கா கொடுத்த கிட்னி வீண். கல்லீரலையும் சேர்த்து மாற்றுவதுதான் பல காலமாக இருந்த வழி. இது அம்மா, அப்பா இருவரும் ஒரே குறையைச் சத்தமில்லாமல் சுமந்தால் வரும் நோய். அப்படி இருந்தால் பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு வாய்ப்பு.

இங்கேதான் நம் திருமண வழக்கம் குறுக்கே வருகிறது. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் நான்கில் ஒருவருக்கு மேல் ரத்த உறவில் கட்டியவர்கள். தாய்மாமனைக் கட்டிய பெண்ணின் பிள்ளைக்கு, எந்த மரபணுவை எடுத்தாலும், ஒரே மூதாதையிடமிருந்து வந்த ஒரே பிரதி இரண்டு பக்கமும் வந்து சேரும் வாய்ப்பு எட்டில் ஒன்று. மாமன் மகள், அத்தை மகன் திருமணத்தில் பதினாறில் ஒன்று. அந்தப் பிரதியில் குறை இருந்தால் நோய். இதற்கு மறுபக்கமும் உண்டு: இப்படிப்பட்ட குடும்பங்களில் எச்.எல்.ஏ. பொருந்தும் ஆள் கிடைக்கும் வாய்ப்பும் கூடுகிறது. பொருத்தம் கூடும் வீட்டில்தான் நோயும் கூடுகிறது. ஆகவே “நூத்துக்கு நூறு மேட்ச்” என்று ரிப்போர்ட் வந்தால் சந்தோஷப்படுவதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: “நோய்க்கான மரபணுவும் மேட்ச் ஆகியிருக்கிறதா, பார்த்தீர்களா?”

உஷார் 3: “ரத்தம் கம்மியா இருக்கு, ரெண்டு பாட்டில் ஏத்துங்க”

கிட்னி போனவருக்கு ரத்தசோகை வரும். முகம் வெளிறியதும் வீட்டார் பதறி, ரத்தம் ஏற்றச் சொல்லி டாக்டரை நச்சரிப்பார்கள். தம்பியே படுத்து ஒரு யூனிட் கொடுப்பான். நல்லெண்ணம்தான், ஆனால் இதில் இரட்டை ஆபத்து.

ஒன்று: ஏற்றிய ரத்தத்தில் இருக்கும் அந்நிய அணுக்களைப் பார்த்து நோயாளியின் உடம்பு எச்.எல்.ஏ. எதிர்ப்பொருளைத் தயாரித்து வைத்துக்கொள்ளும். பிறகு கிட்னி கிடைத்தாலும் ஏற்காது. தம்பி ரத்தம் கொடுத்து, நாளைக்குத் தம்பியின் கிட்னிக்கே எதிரியை உருவாக்கியதாக முடியலாம். மாற்று அறுவைக்குக் காத்திருப்பவருக்கு எரித்ரோபாய்டின் ஊசி, இரும்புச்சத்து என்று வழி இருக்கும்போது ரத்தம் கடைசி வழியாக இருக்க வேண்டும். தவிர்க்கவே முடியாவிட்டால் வெள்ளை அணு நீக்கிய ரத்தம் கேளுங்கள்.

இரண்டு: இது அரிது, ஆனால் வந்தால் பிழைப்பது அதைவிட அரிது. மேலே போட்ட கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். ரத்த உறவில் கட்டிய வீட்டில் ஒரு பிள்ளைக்கு இரண்டு பக்கமிருந்தும் ஒரே தொகுப்பு வந்து, அவன் ஆஆ என்று இருக்கிறான். அவன் ரத்தத்தை ஆஇ என்று இருக்கும் அம்மாவுக்கு ஏற்றுகிறார்கள். அம்மாவின் உடம்பு பார்க்கிறது: ஆ தெரிந்த முகம், வேறெதுவும் இல்லை, உள்ளே விட்டுவிடுகிறது. ஆனால் உள்ளே போன பிள்ளையின் வெள்ளை அணுக்கள் அம்மாவின் இ அடையாளத்தைக் கண்டு தாக்கத் தொடங்கும். காய்ச்சல், தோல் முழுக்கச் செந்தடிப்பு, வயிற்றுப்போக்கு, பிறகு எலும்பு மஜ்ஜையே ஓய்ந்துபோகும். இந்த நிலைக்கு வந்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் பிழைப்பதில்லை. ஜப்பானில் அறுவைக்குப் பிறகு உடம்பு சிவந்து இறந்தவர்களின் மர்மம் பல வருஷம் கழித்து இப்படித்தான் விளங்கியது. ஆகவே நெருங்கிய சொந்தத்தின் ரத்தம் என்றால் கதிர்வீச்சு செலுத்தி வெள்ளை அணுக்களை அடக்கியபிறகே ஏற்ற வேண்டும். “சொந்தக்காரர் ரத்தம், சார்” என்பதை ரத்த வங்கியில் வாய்விட்டுச் சொல்லுங்கள். அதைவிட நல்லது, ரத்த வங்கியிலிருந்து யாரோ ஒருவரின் ரத்தத்தை வாங்கிக்கொண்டு, உங்கள் ரத்தத்தை வேறு யாருக்கோ போகக் கொடுப்பது.

உஷார் 4: பிள்ளை பெற்றவருக்குக் கணவன் கொடுக்கும்போது

கர்ப்பத்தில் குழந்தையின் அணுக்கள் சில தாயின் ரத்தத்தில் கலக்கும். குழந்தையில் பாதி கணவனின் அடையாளம். தாயின் உடம்பு அதற்கு எதிர்ப்பொருள் தயாரித்துப் பல வருஷம் நினைவில் வைத்திருக்கும். அவருக்குப் பின்னால் கிட்னி தேவைப்பட்டு கணவனோ மகனோ கொடுக்க வந்தால் அந்தப் பழைய பகை விழித்துக்கொள்ளலாம். கலைந்துபோன கருவும் இந்தக் கணக்கில் சேரும். எத்தனை கர்ப்பம், எத்தனை முறை ரத்தம் ஏற்றியது என்பதை ஒளிக்காமல் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

இதைக் கண்டுபிடிக்கத்தான் கிராஸ்மேட்ச் என்ற சோதனை. பழைய முறையில் அது நடப்பதைச் சொல்கிறேன். கைக்கு அடக்கமான பிளாஸ்டிக் தட்டு, அதில் கடுகளவு குழிகள். ஒவ்வொரு குழியிலும் நோயாளியின் சீரம் துளி. அதில் தானம் தருபவரின் லிம்போசைட் அணுக்களை விடுவார்கள். முயல் சீரத்திலிருந்து எடுத்த, காம்ப்ளிமென்ட் என்ற அணுக்கொல்லிப் புரதத்தைச் சேர்த்து, நேரம் விட்டு, சாயம் போட்டு மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். உயிருள்ள அணு பளிச்சென்று இருக்கும். செத்த அணு சாயத்தைக் குடித்துக் கறுத்து ஊதியிருக்கும். குழி முழுக்கக் கறுத்திருந்தால் அறுவை வேண்டாம் என்று அர்த்தம்.

அலட்சியம் செய்தால் என்ன ஆகும் என்பதை 1969இல் பட்டேலும் பால் தெரசாகியும் எண்ணிக் காட்டினார்கள். கிராஸ்மேட்ச் பாசிட்டிவாக இருந்தும் வைத்த 30 கிட்னிகளில் 24 உடனே செத்தன. நெகட்டிவாக இருந்த 195இல் அப்படிப் போனது 8 மட்டுமே. வைத்துத் தைத்துக்கொண்டிருக்கும்போதே இளஞ்சிவப்புக் கிட்னி நீலம் பாய்ந்து தொளதொளத்துப் போவதை அந்தக் காலத்து டாக்டர்கள் கண்ணெதிரே பார்த்தார்கள். ஆகவே கிராஸ்மேட்ச் ஒருமுறை பார்த்தாகிவிட்டது என்று விடக் கூடாது. நடுவில் ரத்தம் ஏற்றியிருந்தால், காய்ச்சல் கண்டிருந்தால், அறுவைக்கு முன் புதிதாகப் பார்க்க வேண்டும்.

கொஞ்சம் ஆறுதலும் சொல்ல வேண்டும். கிராஸ்மேட்ச் நெகட்டிவாக வந்துவிட்டால், எச்.எல்.ஏ. கொஞ்சமும் சேராத கணவன், மனைவி கிட்னியும் நன்றாக ஓடுகிறது. 1995இல் தெரசாகி குழுவே வெளியிட்ட கணக்கில் மூன்று வருஷம் கழித்தும் கணவன்–மனைவி கொடுத்த கிட்னிகளில் 85 சதவீதம் வேலை செய்துகொண்டிருந்தன. பெற்றோர் கொடுத்ததில் 82. எதிர்ப்பை அடக்கும் மாத்திரைகள் அந்த அளவுக்கு முன்னேறிவிட்டன. அந்த மாத்திரையை ஒரு வேளைகூட விடாமல் ஆயுளுக்கும் போட வேண்டும் என்பதுதான் நிபந்தனை.

உஷார் 5: “உன்னோடது மட்டும்தான் பொருந்தும்” என்பவனை நம்பாதீர்கள்

இந்த வாக்கியம் பச்சைப் பொய். மேலே சொன்ன கணக்கைப் படித்தவர்களுக்குப் புரியும்: கிராஸ்மேட்ச் நெகட்டிவாக இருந்தால் யாரோ ஒருவர் கிட்னியும் ஓடும். அதனால்தான் கிட்னி வியாபாரமே நடக்கிறது. எச்.எல்.ஏ., மேட்ச், டி.என்.ஏ. என்று பெரிய வார்த்தை சொல்லி, கடனில் தவிப்பவரை “அபூர்வ ரத்தம்” ஆக்கிவிடுவார்கள்.

1990களில் சென்னை வில்லிவாக்கத்துக்குக் கிட்னிவாக்கம் என்றே பெயர் விழுந்தது. சென்னையில் கிட்னி விற்ற 305 பேரை 2001இல் தேடிப்பிடித்து விசாரித்த ஆய்வு ஒன்று மறு வருஷம் அமெரிக்க மருத்துவ இதழில் வந்தது. 96 சதவீதம் பேர் கடனை அடைக்க விற்றவர்கள். சராசரியாக ஆறு வருஷம் கழித்தும் நான்கில் மூன்று பேருக்குக் கடன் அப்படியே. 86 சதவீதம் பேர் உடம்பு கெட்டுப்போனதாகச் சொன்னார்கள்.

அது பழைய கதை என்று நினைத்தால், 2025 ஜூலையில் நாமக்கல் மாவட்டம் பள்ளிபாளையத்தில் விசைத்தறித் தொழிலாளர்கள் கிட்னி விற்ற கதை வெளியே வந்தது. அரசு விசாரணைக்குப் பிறகு, திருச்சியிலும் பெரம்பலூரிலும் இருக்கும் இரண்டு தனியார் மருத்துவமனைகளின் உறுப்பு மாற்று அனுமதி நிறுத்தப்பட்டது. ஆகஸ்டில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சிறப்பு விசாரணைக் குழுவை அமைத்தது. திருச்சி நமக்கு எவ்வளவு தூரம்? பஸ் ஏறினால் ஒரு மணி நேரம்.

உறுப்பு மாற்றுச் சட்டம் தெளிவாக இருக்கிறது. கணவன், மனைவி, தாய், தந்தை, மகன், மகள், உடன்பிறந்தோர், தாத்தா, பாட்டி, பேரன், பேத்தி ஆகியோரே “நெருங்கிய உறவு”. கவனியுங்கள்: தாய்மாமன் அதில் இல்லை! அத்தை இல்லை, சித்தப்பா இல்லை, மைத்துனர் இல்லை. அவர்கள் கொடுக்க அங்கீகாரக் குழுவின் அனுமதி வேண்டும். (மாமனையே கட்டியிருந்தால் கணவன் என்ற முறையில் வந்துவிடுவார்.) உறவில் சந்தேகம் எழுந்தால் டி.என்.ஏ. சோதனைக்கு உத்தரவிடலாம். பணத்துக்கு உறுப்பு விற்பது, வாங்குவது, தரகு பார்ப்பது எல்லாவற்றுக்கும் ஐந்து முதல் பத்து வருஷம் சிறை, இருபது லட்சம் முதல் ஒரு கோடி ரூபாய் வரை அபராதம்.

உஷார் 6: வீட்டுப் பெண் தலையை ஆட்டியதால் சம்மதம் ஆகிவிடாது

இந்தியாவில் உயிரோடு இருந்து உறுப்பு கொடுப்பவர்களில் பெரும்பாலானோர் பெண்கள். வாங்கிக்கொள்பவர்களில் பெரும்பாலானோர் ஆண்கள். மரபணு இப்படி ஓரவஞ்சனை செய்வதில்லை, வீடுதான் செய்கிறது. கொடுப்பவர் பெண்ணாக இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும், அவர் சம்மதத்தை வாங்குபவர் அல்லாத வேறொருவர் மூலம் உறுதிசெய்ய வேண்டும் என்று 2014 உறுப்பு மாற்று விதிகளே சொல்கின்றன. மாமியாரும் கணவனும் வெளியே உட்காரட்டும். தனியாகப் பேச வேண்டும் என்று அந்தப் பெண் கேட்கலாம். விருப்பமில்லை என்றால் “மருத்துவக் காரணத்தால் தகுதியில்லை” என்று மட்டும் வீட்டுக்குச் சொல்லும்படி டாக்டரிடமே கேட்டுக்கொள்ளலாம்.

இன்னொன்று. மரபணுச் சோதனை கேட்காத பதிலையும் சொல்லும். அ, ஆ, இ, ஈ கணக்குக்குள் வராத ஒரு பிள்ளையின் ரிப்போர்ட், பல வருஷம் யாரும் பேசாத ஒன்றை மேஜைமேல் வைத்துவிடும். எதை, யாரிடம், எப்படிச் சொல்வது என்பதைச் சோதனைக்கு முன்பே டாக்டரிடம் பேசி வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தாள் சொந்தக்காரர் கூட்டத்தில் கைமாறக் கூடாது.

கேட்க வேண்டிய கேள்விகள்

கையெழுத்துப் போடுமுன் இவ்வளவையும் டாக்டரிடம் கேளுங்கள்:

• கிட்னி போனதற்குக் காரணம் என்ன? மரபு நோய் இல்லை என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்?

• கொடுப்பவருக்குச் சிறுநீரில் ரத்தம், புரதம், பிரஷர், சர்க்கரை, காது பார்த்தாகிவிட்டதா? குடும்பத்தில் நோய் இருந்தால் மரபணுச் சோதனை நடந்ததா?

• எச்.எல்.ஏ., கிராஸ்மேட்ச், எதிர்ப்பொருள் சோதனை மூன்றும் எப்போது எடுத்தது?

• நம் வீட்டில் ஒருவரும் பொருந்தாவிட்டால், அதே நிலையில் இருக்கும் இன்னொரு குடும்பத்தோடு மாற்றிக்கொள்ளும் ஸ்வாப் முறைக்கு வழி உண்டா? 2011 சட்டத் திருத்தம் அதை அனுமதிக்கிறது.

• கொடுத்தவரை வருஷம் தவறாமல் சோதிக்க என்ன ஏற்பாடு?

உறுப்புக்கு உறுப்பு கணக்கு மாறும் என்பதும் நினைவிருக்கட்டும். கல்லீரலுக்கு ரத்த குரூப்பும் அளவும்தான் முக்கியம், எச்.எல்.ஏ. அவ்வளவு படுத்தாது. கருவிழிக்குப் பொதுவாக இந்தப் பொருத்தமே தேவையில்லை, யாரும் யாருக்கும் கொடுக்கலாம். எலும்பு மஜ்ஜைக்கு நேர்மாறு: ஜாதகம் பார்ப்பது போலப் பத்துக்குப் பத்து தேடுவார்கள், வீட்டில் கிடைக்காவிட்டால் 2009இல் சென்னையில் தொடங்கிய தாத்ரி போன்ற பதிவேடுகளில் பார்ப்பார்கள்.

வீட்டில் யாரையும் பலிகொடுக்காத வழியும் இருக்கிறது. மூளைச்சாவு அடைந்தவரின் உறுப்புக்கு, மருத்துவமனை மூலம் மாநில உறுப்பு மாற்று ஆணையமான டிரான்ஸ்டானில் பதிவு செய்யுங்கள். 2008 செப்டம்பரில் திருக்கழுக்குன்றத்து டாக்டர் தம்பதி தங்கள் மகன் ஹிதேந்திரனின் உறுப்புகளைக் கொடுத்த பிறகு தமிழ்நாட்டில் இந்த வழி அகலமானது. அப்படிக் கொடுப்பவர்களின் இறுதிச் சடங்குக்கு 2023 செப்டம்பர் முதல் அரசு மரியாதை. முதலமைச்சர் காப்பீட்டில் உறுப்பு மாற்று அறுவையும் அடங்கும். தேசிய உறுப்பு மாற்று அமைப்பின் இலவசத் தொலைபேசி எண் 1800-11-4770.

இந்தத் தடவை பங்குனித் தேருக்குச் சொந்தம் கூடும்போது ஒரு வேலை செய்யுங்கள். யார் யாருக்குக் கிட்னி போனது, யாருக்குக் கல், யாருக்குச் சின்ன வயதில் காது மந்தம், யார் யாரைக் கட்டியது என்று மூன்று தலைமுறைக்கு ஒரு நோட்டில் எழுதி வாங்கி வையுங்கள். தேவைப்படும் நாளில் அந்த நோட்டை டாக்டரின் மேஜையில் வைத்துவிட்டு, அதற்கப்புறம் யார் கொடுப்பது என்று பேசுங்கள். ஒரு உயிரைக் காப்பாற்றப் போய் இன்னொரு உயிரை வரிசையில் நிறுத்திவிடாதீர்கள்.